மகளின் டபுள் பாஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்றவள். இப்போது வங்கி வேலையை விட்டுவிட்டு, ஜாஸ் குழுக்களில் டபுள் பாஸ் வாசிக்கப்போகிறாளாம். போய்க் கேட்டேன். ஆள் உயரத் தந்தி வாத்தியத்தோடு பின்னால் நிற்கிறாள். தம்புரா மாதிரி ஏதோ ஒலிக்கிறது. கைதட்டல் எல்லாம் சாக்ஸபோன்காரருக்கு. இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

தம்புரா என்கிற இடத்தில் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தம்புரா நிற்கும், பாஸ் நடக்கும். நான்கு அடிக்கு நான்கு ஸ்வரம், ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் அவளே தேர்ந்தெடுப்பது. சாக்ஸபோன்காரர் எங்கே பறந்தாலும், எந்தக் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) இருக்கிறோம், காலப்பிரமாணம் என்ன என்பதை அவள் விரல்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்த விரலைக் கொஞ்சம் கவனியுங்கள். வயலினில் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டியவள். பாஸிலோ தந்திக்குத் தந்தி ச-ம தூரம். தந்தியின் நீளம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கழுத்தின் மேற்பகுதியில் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ச-வும் சதுஸ்ருதி ரி-யும்தான் அடங்கும். பழகிய கையை முதலிலிருந்து பழக்கியிருக்கிறாள். விளையாட்டுக்குச் செய்கிற காரியமா இது?

சரி, பிழைப்பு. ரான் கார்ட்டர் என்ற அமெரிக்கர் வயலின் குடும்பத்து செல்லோவில் தொடங்கி பாஸுக்கு மாறியவர். கறுப்பினத்தவர் என்பதால் செவ்வியல் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வழி அடைபட, ஜாஸுக்கு வந்தார். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தார். ஜாஸில் மிக அதிகமாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாஸ் கலைஞர் என்று 2015இல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தபோது கணக்கு 2,221 ஒலிப்பதிவுகள். பெரும்பாலானவை மற்றவர் பெயரில் வந்த இசைத்தட்டுகள். பாஸ்காரரின் தொழில் வாழ்க்கை அப்படித்தான், மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதில் வளர்கிறது. கைதட்டலை வைத்து அதை அளக்காதீர்கள்.

மும்பையிலும் வழி உண்டு, லேசான வழி அல்ல. தாஜ் ஹோட்டலில் 1930களிலேயே ஜாஸ் ஒலித்தது. அப்புறம் கோவாக் கலைஞர்கள் பலர் பகலில் இந்தி சினிமா ரெக்கார்டிங், இரவில் ஹோட்டல் என்று குடும்பம் நடத்தினார்கள். இன்றும் ஒரே வேலையை நம்பி முடியாது. எலக்ட்ரிக் பாஸும் தெரிந்திருக்க வேண்டும், மேற்கத்திய நொட்டேஷன் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும், பாடம் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். பழுது பார்க்கத் தனியாகப் பணம் வேண்டும். டாக்ஸிச் செலவு வேறு. நெரிசல் நேர லோக்கல் ரயிலில் அந்த வாத்தியத்தை ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

அதனால் வேலையை இன்றைக்கே விட வேண்டாம் என்பேன். மாதாமாதம் யார் யார் அவளைக் கூப்பிடுகிறார்கள், ஒருமுறை கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுகிறாரா என்று அவளிடமே கேளுங்கள். கூப்பிடுகிறார்கள் என்றால், தடுக்காதீர்கள்.

அன்புடன்.