குழந்தைக்கு பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும்: எங்கே தொடங்குவது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். மகனுக்கு இரண்டே கால் வயது. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டதால் மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். 20 மாதத்தில்தான் நடந்தான். இப்போதும் வலது காலை நுனிக்காலில் ஊன்றுகிறான். வலது கையைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறான். மருத்துவர் “தெரபிக்குப் போங்கள்” என்று மட்டும் சொன்னார். ஒரு தனியார் மையத்தில் தினமும் வரச் சொல்லி, மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். மாமியாரோ, ஆண் பிள்ளை தாமதமாகத்தான் வரும், பொறுத்திருக்கலாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முன்பணம் கட்ட வேண்டாம், பொறுத்திருக்கவும் வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, இரண்டு வயது வரை, முன்னதாகப் பிறந்த காலத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகன் நடந்தது ஏறத்தாழ 18 மாதத்தில். அது விளிம்பில் நிற்கும் தாமதம்தான். இது ஒன்று மட்டுமே குறையென்றால் நான் உங்களை இவ்வளவு அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். என் கவலை, வலது கையும் வலது காலும் சேர்ந்து பின்தங்குவது பற்றியது. ஒன்றரை வயதுக்கு முன் குழந்தைகள் பொதுவாக இடக்கை, வலக்கை என்று உறுதியாகப் பிரித்துக்கொள்வதில்லை. அதற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், அது இன்னொரு கை ஒத்துழைக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். ஆண் பிள்ளை தாமதமாக வரும் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுபோல மெதுவாக வளரும் குழந்தையைப் பற்றியது. ஒரு பக்கம் மட்டும் பின்தங்கும் குழந்தைக்கு அது பொருந்தாது என்பதை உங்கள் மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இது ஒருபக்கப் பெருமூளை வாதமாக, அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் ஒரு பக்க அசைவு குறையும் நிலையாக, இருக்கக்கூடும். ஆனால் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது முறையல்ல. குழந்தை நரம்பியல் மருத்துவரோ குழந்தை வளர்ச்சி மருத்துவரோ அவனை நேரில் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். குறைமாதக் குழந்தை என்பதால் கண் விழித்திரைப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் ஏற்கெனவே நடந்தனவா என்று பழைய காகிதங்களில் தேடிப் பாருங்கள். நடக்கவில்லையென்றால் இப்போதாவது செய்துவிடுங்கள். நோயின் பெயர் உறுதியாகும் வரை தெரபியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம், நடக்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயர் பல பெற்றோரைக் குழப்புகிறது. தமிழில் செயல்முறை சிகிச்சை என்றும் தொழில்வழி சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டவர்கள் உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, சட்டை போடுவது, விளையாடுவது ஆகியவைதாம் அவனுடைய அன்றாட வேலைகள். அவற்றை அவனே செய்யும்படி கையையும் புலன்களையும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபியின், சுருக்கமாக ஓ.டி.யின், பணி. நிற்பது, நடப்பது, சமநிலை, மூட்டுகளின் அசைவு ஆகியவை பிசியோதெரபிஸ்ட்டின் பணி. உங்கள் மகனுக்கு இரண்டும் தேவைப்படலாம். காலைப் பொறுத்தவரை, கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால், எலும்பு வளர வளர அந்தத் தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் குதிகால் மேலும் தூக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க, கணுக்காலையும் பாதத்தையும் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டைப் பரிந்துரைக்கக்கூடும். அதைக் கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையவில்லையென்றால், ஸ்பிளிண்ட் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்தி வாங்குங்கள்.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, நான் நீட்டிய பந்து, வளையம், மரக்கட்டை எதற்கும் வலது கையைத் திறக்கவே இல்லை. பசிக்கிறது என்று அவள் சிணுங்கியபோது அவளுடைய அம்மா பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். குழந்தை அதை வலது முழங்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகினாள். வலது கைக்கு உதவி செய்யத் தெரிகிறது, ஆனால் உள்ளங்கையால் அல்ல, முழங்கையால் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுவாரம் அதே முறுக்கை உடைத்து, முழங்கையில் நிற்காமல் நழுவும் ஒல்லியான பாட்டில் ஒன்றில் போட்டு வரச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் பாட்டில் கீழே விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல உள்ளங்கை அதைச் சுற்றிப் படிந்தது. கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கியே நின்றதால் அதற்குத் தனியாக ஒரு சிறிய ஸ்பிளிண்ட் செய்ய வேண்டியிருந்தது. குழந்தைக்கு வேண்டிய ஒரு பொருள், அதை எடுக்க இரண்டு கையும் வேண்டிய ஒரு சூழல், அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பு: நல்ல ஓ.டி. இதைத்தான் உருவாக்கித் தருகிறது.

இதை வைத்தே மையத்தையும் மதிப்பிடலாம். முதல் நாளில் சிகிச்சையாளர் உங்கள் மகனின் ஒரு நாளைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள்: எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான், யார் குளிப்பாட்டுகிறார்கள், எதற்காக அழுகிறான் என்றெல்லாம் கேட்க வேண்டும். பிறகு, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிப்பது போன்ற, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஓர் இலக்கை உங்களோடு பேசி, எத்தனை வாரத்தில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் கைகாலை நீவி, மடக்கி நீட்டுவதிலேயே முழு நேரமும் கழிகிறதென்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பெருமூளை வாதத்தில் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது, குழந்தை தானே முயன்று செய்யும் இலக்கு சார்ந்த பயிற்சியைத்தான். ஒருபக்கக் குறைபாட்டில், நன்றாக இயங்கும் கைக்குக் குறிப்பிட்ட நேரம் உறை மாட்டி, மற்றக் கையை விளையாட்டில் இழுக்கும் முறைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் சிகிச்சையாளர் கற்றுத் தராமல் அதை வீட்டில் நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தும் மையத்தை நான் பரிந்துரைப்பதில்லை. வாரத்தில் அங்கே கழிவது சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடு இருக்கிறான். நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டால், வாரம் இரண்டு முறை போவதே பல குழந்தைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் பி.பி.டி. பட்டமும், ஓ.டி. செய்பவர் பி.ஓ.டி. பட்டமும் பெற்றவரா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். முழுமையாகக் குணமாக்குவோம் என்று உறுதி கொடுப்பவர்களிடமும், ஸ்டெம் செல் ஊசியைப் பரிந்துரைப்பவர்களிடமும் நின்று பேசவே வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்றவற்றை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கிறது.

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு எளிதான தொடக்கம் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து தொடக்கநிலைச் சிகிச்சை தரும் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன. அந்தப் பிரிவுக்கு எழுதித் தரும்படி அங்கே கேளுங்கள். ஸ்பிளிண்ட், காலிப்பர் போன்றவற்றுக்கு கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களில், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு 1985 முதல் பணியாற்றிவரும் வித்யாசாகர் கோட்டூர்புரத்திலும், தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி தரமணியிலும் உள்ளன. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எல்லாத் துறையினரும் ஒரே வளாகத்தில் பார்ப்பது அதன் சிறப்பு. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து போய்வர ஒரு நாள் முழுவதும் ஆகிவிடும் என்பதால், விரிவான மதிப்பீட்டுக்கு ஒருமுறை அங்கே போய்விட்டு, வாராந்தரப் பயிற்சிக்கு அருகில் உள்ள இடத்தையே வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், தெரபி பாதியில் நின்றுபோன குடும்பங்களில் பலவற்றை நிறுத்தவைத்தது பணத்தைவிடப் பயணம்தான்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்பீட்டில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அதற்கான சான்றுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சிறு குழந்தைகளுக்குக் காலவரம்புள்ள சான்றாகவே பெரும்பாலும் தருவார்கள், அதைக் கண்டு கலங்க வேண்டாம். பெருமூளை வாதம் என்று உறுதியானால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. தெரபிச் செலவும் அதில் ஓர் அளவுவரை அடங்கும். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் துணையாளருக்கும் கட்டணம் இல்லை.

வலிப்பு வந்தாலோ, இருந்த அசைவு குறைந்தாலோ தெரபி நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் இரண்டு வீடியோக்களையும் கொண்டுபோங்கள். ஒன்று, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, செருப்பில்லாமல் வீட்டுக் கூடத்தில் அவன் நடப்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தது. மற்றது அவன் இட்லி சாப்பிடும்போது, இரண்டு கையும் தெரியும்படி எடுத்தது. புது இடத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டு அம்மாவின் தோளை விட்டு இறங்காதபோது, சிகிச்சையாளருக்கு அவைதாம் அவனைக் காட்டும். மூன்று மாதம் கழித்து அதே கூடத்தில், அதே தட்டோடு இன்னொரு முறை எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் மாற்றம் தெரியவில்லையென்றால், அதைச் சிகிச்சையாளரிடம் காட்டி, இலக்கை மாற்றுவதா முறையை மாற்றுவதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள்.