தேய்க்காதீர்கள், உறையைப் பாருங்கள்
நாணயம் சேர்ப்போர் கேள்வி – பதில்

கேள்வி: கறுத்துப்போன பழைய வெள்ளிக்காசைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, "கெடுத்துவிட்டீர்களே" என்கிறார். ஏன்?

பதில்: அவர் சொன்னது சரிதான். காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம் மிக மெல்லிய வரிகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். அதிகம் புழங்காத காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளி சுழன்று வரும். அது இந்த வரிகளின் வேலை. பற்பசையிலுள்ள நுண்துகள் வரிகளை அராவி எடுத்துவிட்டு, தன் கீறல்களைப் போட்டுவிடுகிறது. 10 மடங்கு லென்ஸில் மயிரிழை போலத் தெரியும். போனது திரும்பாது.

கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு. சீராகப் படிந்திருந்தால் அதை அப்படியே விடுவதுதான் நல்லது. மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால் மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது.

கேள்வி: ஆல்பத்தில் வைத்த செப்புக்காசுகளில் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ படிகிறது. களிம்பா?

பதில்: பிசுபிசுப்பு இருந்தால் பெரும்பாலும் களிம்பல்ல, உறையின் கோளாறு. மலிவான, வளைந்து கொடுக்கும் உறைகள் பிவிசியால் ஆனவை. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாவட்டத்தில் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவந்து செம்பை அரிக்கும்.

முதலில் காசுகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிசுக்கைக் கரைக்கும் திரவமான அசிட்டோனை, கலப்பில்லாததாக வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை அரை மணி நேரம் போட்டுவையுங்கள். பிறகு வேறொரு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசி, துடைக்காமல் காற்றில் ஆறவிடுங்கள். இரண்டாவது அலசலைத் தவிர்த்தால், கரைந்த பிசுக்கு மெல்லிய படலமாகத் திரும்பப் படியும். நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது, பல வகை பிளாஸ்டிக்குகள் அசிட்டோனில் கரையும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது.

உறை பிவிசிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அசிட்டோனை முற்றிலும் அப்புறப்படுத்திவிட்டு, வெட்டவெளியில் செய்யுங்கள். செப்புக் கம்பியின் நுனியைச் சுடரில் நிறம் வருவது நிற்கும் வரை காய்ச்சி, உறையின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. அந்த உறை வேண்டாம். புகையை முகர வேண்டாம். மாற்றாக மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். சற்று விறைப்பாக இருக்கும், ஆனால் கசியாது.

பிசுபிசுப்பில்லாமல், வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, எடுக்க எடுக்கத் திரும்ப வந்தால் அது வெண்கல நோய். காசுக்குள் தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடிய டப்பாவில் உலர்வாக வையுங்கள். அசிட்டோன் இதைத் தீர்க்காது.

கேள்வி: 30 × 40 செ.மீ. அளவில், 5 செ.மீ. ஆழத்தில் ஒரு காட்சிப் பெட்டி செய்ய நினைக்கிறேன். எந்த மரம்? உள்ளே வெல்வெட் ஒட்டலாமா?

பதில்: ஓக் மரமும், மரநாரைப் பசையால் இறுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகையும் வேண்டாம். இரண்டும் அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அது போக வழியில்லை. உலோகச் சட்டமும் அக்ரிலிக்கும் பாதுகாப்பானவை. மரம்தான் வேண்டுமென்றால், வண்ணம் பூசிய பின் சில வாரங்கள் திறந்தே போட்டுவையுங்கள். கம்பளித் துணியிலும் ரப்பரிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துவிடும். வெல்வெட்டை விட, சாயம் ஏற்றாத பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து விரிப்பது மேல். பசை வேண்டாம்; துணியைப் பின்பக்கம் மடித்து இழுத்துக் கட்டுங்கள்.

இரு பக்கமும் தெரிய வேண்டுமானால், அக்ரிலிக் தகட்டில் காசின் விட்டத்தை விட 0.5 மி.மீ. பெரிய துளை போட்டு, அதில் காசை வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு தகட்டால் மூடுங்கள். நடுத்தகடு காசை விடக் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெலிந்திருந்தால் திருகை இறுக்கும்போது முழு அழுத்தமும் காசின் மேட்டில் விழும்.

ஈரத்துக்கு, அருங்காட்சியகங்களில் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் பெட்டி 0.006 கன மீட்டர், ஆக 120 கிராம் போதும். ஆரஞ்சு மணிகளாக வாங்கி, பெட்டிக்குள்ளேயே காசில் படாதபடி தடுத்த ஒரு பகுதியில் வையுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி பயன்படும்.

கேள்வி: 1780 என்று பொறித்த மரியா தெரசா தாலர் (ஆஸ்திரிய அரசியின் உருவம் கொண்ட வெள்ளிக்காசு) ஒன்று கிடைத்தது. அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முக்கால்வாசி முடியும். எடை 28.07 கிராம் அருகே இருக்க வேண்டும், வெள்ளி 83.3 சதவீதம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக அமிழ்த்துங்கள். தராசு ஏறக்குறைய 2.75 கிராம் காட்ட வேண்டும். 28.07ஐ 2.75ஆல் வகுத்தால் 10.2, அதுதான் இந்தக் கலவையின் அடர்த்தி. 9-க்கும் கீழே வந்தால் வெள்ளியல்ல என்று சந்தேகப்படுங்கள். ஆனால் காசில் குமிழி ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைவாக வரும், ஆகவே தட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு விளிம்பை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். அங்கே ஓடும் இணைப்புக் கோடும், பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் வார்ப்புப் போலியின் அடையாளம்.

எடையும் அடர்த்தியும் பொருந்தினாலும் காசு 1780-இல் அடித்தது என்று ஆகிவிடாது. மரியா தெரசா அந்த ஆண்டு இறந்த பின்னும் அதே ஆண்டைப் பொறித்து வியன்னாவிலும், பிற்பாடு ரோம், லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களிலும் இந்தக் காசு அடிக்கப்பட்டது. காசோடு வைக்கும் விவரச் சீட்டில் "பொறித்த ஆண்டு 1780" என்று எழுதி, எடை, விட்டம், நீங்கள் கண்ட அடர்த்தி மூன்றையும் சேருங்கள். அடித்த இடம், ஆண்டு ஆகியவற்றுக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.