கார நிப்பாட்டிப்போட்டு வெளிநாடு போறவங்களுக்கு – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தாப் போதும், இந்தப் பக்கத்துக்கு வாற கடிதம் கனக்க ஒரே விஷயமாத்தான் இரிக்கும். ஊர்ல மாரி தொடங்குது, பிள்ளைகள் இரிக்கிற நாட்டுக்கு ஒருக்கா போய் வரணும், கார என்ன செய்யிறது எண்டு. இந்த முறை அதையே முழுப் பக்கமா எடுத்திட்டன்.

கேள்வி: மகள்ட பிள்ளப்பேத்துக்காக நானும் மனுசியும் கார்த்திகை கடைசியில லண்டன் போறம், வைகாசியிலதான் திரும்புவம். கார் ஆல்டோ, மனுவல் கியர். தகரக் கொட்டில், கீழ மணல் தரை. பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுறன் எண்டு சொல்றார். அது போதுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லாறு

சேர், அந்தத் தம்பிட மனசு பெரிசு, ஆனா தயவுசெய்து அதுக்காக சாவியக் குடுத்திட்டுப் போகாதீங்க. நிப்பாட்டி வச்ச கார்கள் பழுதாகிறதுக்கு இந்த அஞ்சு நிமிச ஸ்டார்ட் ஒரு பெரிய காரணம், நம்மட ஆக்கள் இத நல்லதெண்டு நினைச்சே செய்யிறாங்க, அதனாலதான் கொஞ்சம் விரிவாச் சொல்றன். ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி ஆவியா உண்டாகும். எஞ்சின் நல்லா சூடாகி ஓடினா அது சைலன்சர் வழியால வெளிய போயிரும். அஞ்சு நிமிசத்தில நிப்பாட்டினா அந்த ஆவி உள்ளுக்கையே குளிர்ந்து தண்ணியாகி சைலன்சருக்குள்ளயும் எஞ்சின் ஒயிலுக்குள்ளயும் தங்கும், மறுகா கறள்தான். பெட்டரிக்கும் லாபமில்ல, ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட அஞ்சு நிமிச ஐடில்ல திருப்பிக் குடுக்க ஏலாது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கொண்டு போகும்.

அதனால ரெண்டில ஒண்டு. அந்தத் தம்பிக்கு லைசன்ஸ் இரிந்து, இன்சூரன்ஸும் அவர் ஓடுறதுக்கு இடம் குடுக்குதெண்டா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ ஒரு அரை மணித்தியாலம் ஓடிட்டு வரட்டும், ஏசியும் பத்து நிமிசம் போடட்டும், கம்ப்ரசர் சீல் காயாம இரிக்கும். அதுக்கு வசதியில்லையெண்டா தொடவே வேணாம். ஆறு மாசம் ஒழுங்கா மூடி வச்ச கார் பழுதாகாது.

தொடாம வைக்கிறதெண்டா முதல்ல பெட்டரி. கார் நிக்கக்குள்ளயும் அலாரம், மணிக்கூடு, கம்பியூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக்கொண்டுதான் இரிக்கும். 50 மில்லி அம்பியர் எண்டு வச்சாக்கூட ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் அவர் போகுது, 35 அம்பியர் அவர் பெட்டரி ஒரு மாசத்தில படுத்திரும். லெட் அசிட் பெட்டரி காலியாகி அப்படியே கிடந்தா தகட்டில சல்பேட் இறுகிப்போகும், பிறகு சார்ஜ் ஏறாது. புது பெட்டரி விக்கிற விலைக்கு அத விடலாமா? 10 நம்பர் ஸ்பேனரால நெகட்டிவ் வயர முதல்ல கழட்டுங்க, திரும்பி வந்து பூட்டக்குள்ள நெகட்டிவ கடைசியாப் பூட்டுங்க. கழட்டுறதுக்கு முதல் முழு சார்ஜ் ஏத்திக்கொள்ளுங்க, மீட்டர்ல 12.6 வோல்ட் காட்டினா நிறைவு, 12.2 எண்டா பாதிதான் இரிக்கு. சில ஜப்பான் கார்கள்ல பெட்டரி கழட்டினா ரேடியோ செட்டு லொக் ஆகி கோட் நம்பர் கேக்கும், அத முதல்லயே விசாரிச்சுக்கொள்ளுங்க.

உங்கட வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இரிக்கு சேர், வாடைக் காத்து வீசக்குள்ள உப்பும் ஈரமும் ரெண்டு பக்கத்தாலயும் வரும், அதோட கீழ மணல். மாரியில மணலுக்குள்ள இரிந்து ஈரம் மேல எழும்பி காரிட அடிவயித்தில போய்ப் படியும், இத யாரும் கவனிக்கிறதில்ல. தடிச்ச பொலித்தீன் ஒண்டத் தரையில விரிச்சு, சில்லுக்குக் கீழ பழைய பலகை வச்சு அதுக்கு மேல ஏத்துங்க. கறையான் வாறதும் குறையும். ஏத்துறதுக்கு முதல் சேவிஸ் ஸ்டேஷன்ல அடிப்பக்கம் வடிவாக் கழுவி, நல்லாக் காயவிட்டு, மேல வக்ஸ் பூசுங்க. உங்கட கிணத்துத் தண்ணி உவரெண்டா அதால கழுவவே வேணாம். ரேடியேட்டருக்கும் அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு அலுமினியத்த அரிச்சிரும், கூலண்ட்தான் ஊத்தணும்.

மூடுறதெண்டா துணிக் கவர், காத்துப் போய்வாறதா. தறப்பாளக் காருக்கு மேல நேரடியாப் போட்டு கயிறு கட்டிட்டுப் போறது இஞ்ச வழக்கம், அதுக்குள்ள ஈரம் அடைபட்டு சீட் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும், காத்துக்கு உரசி பெயின்ட் போகும், மடிப்புகள்ல மழைத்தண்ணி தேங்கி நுளம்பு பெருகும். மாரியிலதான் இஞ்ச டெங்கும் கூட, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தா வீட்டில ஆளில்லாட்டியும் பிரச்சினை உங்களுக்குத்தான். கொட்டிலுக்கு மேல தென்னை சாஞ்சிரிக்கா எண்டும் பாருங்க, தேங்காயப் பறிச்சு ஓலையக் கழிச்சு விட்டிட்டுப் போங்க.

ஹேண்ட் பிரேக் இழுத்து வச்சிட்டுப் போகவே கூடாது. பின்சில்லு டிரம்முக்குள்ள பிரேக் சூ ஒட்டிக்கொண்டு திரும்பி வந்த நாள் கார் அசையாது. கியர்ல போட்டு, சில்லுக்கு முன்னயும் பின்னயும் கல்லோ கட்டையோ அண்டை குடுங்க. டயருக்கு வழமைய விட ஒரு 5 பி.எஸ்.ஐ. கூட அடிங்க, டயர்ல எழுதியிரிக்கிற உச்ச அளவத் தாண்டாம. எஞ்சின் ஒயில் மாத்துற காலம் கிட்ட வந்திட்டா மாத்திட்டே நிப்பாட்டுங்க, ஓடின ஒயில்ல அசிட் இரிக்கும். பெற்றோல் டேங்க நிரப்பி விடுங்க, வெத்திடம் குறைஞ்சா உள்ள ஈரம் படியிறதும் குறையும். ஆறு மாசத்துக்குக் கிட்டப் போறதால ஃபியூல் ஸ்டெபிலைசர் (பெற்றோல் கெடாம வச்சிரிக்கிற மருந்து) கிடைச்சா ஊத்துங்க.

கடைசியா எலி. பிஸ்கட் தூள், சாப்பாட்டுத் துண்டு ஒண்டும் காருக்குள்ள இரிக்கக்கூடாது. ஏசிக்குக் காத்து எடுக்கிறத உள்காத்துக்கு மாத்தி வச்சா அந்த வழி அடைபடும். அந்தத் தம்பி உதவி செய்ய விரும்பினா இதச் சொல்லுங்க, கிழமைக்கு ஒருக்கா பொனட்டத் திறந்து வெளிச்சம் அடிச்சு, கூடு ஏதும் கட்டியிரிக்கா, வயர் கடிச்சிரிக்கா எண்டு பார்க்கட்டும். அதுதான் பெரிய உதவி.

கேள்வி: எனக்கு மற்றப் பக்கம் பிரச்சினை. நான் டொரோண்டோவில இரிக்கிறன், சொந்த ஊர் ஆரையம்பதி. நவம்பர் கடைசியில ஊருக்கு வந்து மார்ச் வரைக்கும் நிக்கப்போறன். கார் அங்க வெளிய திறந்த பார்க்கிங்ல நிக்கும். ஊர்ல செய்யிற மாதிரியே செய்தாப் போதுமா?

பாதி பொருந்தும் அண்ணன், பாதி நேர்மாறு. ஹேண்ட் பிரேக், கழுவிறது, எலி எல்லாம் அங்கயும் அதேதான். கழுவிறது அங்க இன்னும் முக்கியம், ஸ்னோ கரைய ரோட்டுக்குப் போடுற உப்பு அடியில ஒட்டினபடி நாலு மாசம் கிடந்தா என்ன ஆகுமெண்டு சொல்லத் தேவையில்ல. முதல் ஸ்னோவுக்கு முந்தியே அடிப்பக்கம் கழுவி நிப்பாட்டினா நல்லம்.

வித்தியாசம் குளிர்ல வருது. ஊர்ல ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினா கறள்தான் வரும், அங்க ஊத்தினா தண்ணி உறைஞ்சு பெருத்து எஞ்சின் புளொக்கே வெடிக்கும். அன்டிஃபிரீசும் தண்ணியும் பாதிக்குப் பாதி இரிந்தா கிட்டத்தட்ட -37 டிகிரி வரைக்கும் தாங்கும், கராஜ்ல டெஸ்டர் வச்சு ஒரு நிமிசத்தில பார்ப்பாங்க. கண்ணாடி கழுவிற தண்ணியும் வின்டருக்குரியதா இரிக்கணும். பெட்டரியும் அப்படித்தான், முழு சார்ஜ்ல இரிக்கிற பெட்டரி கனடாக் குளிர்ல உறையாது, காலியான பெட்டரி பூச்சியத்துக்குக் கீழ கொஞ்சம் போனாலே உறைஞ்சு வெடிக்கும். திறந்த பார்க்கிங்ல பிளக் இல்லாட்டி மெயின்டெய்னர் சார்ஜர் (நிக்கிற பெட்டரிய நிறைவா வச்சிரிக்கிற சார்ஜர்) போட ஏலாது, அதனால பெட்டரியக் கழட்டி வீட்டுக்குள்ளயோ கூட்டாளிட பேஸ்மன்ட்லயோ வைக்கிறதுதான் என்ட ஆலோசனை.

டயர் காத்து ஒவ்வொரு 5, 6 டிகிரி இறக்கத்துக்கும் 1 பி.எஸ்.ஐ. அளவு குறையும், +20 டிகிரியில அடிச்சது -20ல 7 பி.எஸ்.ஐ. போயிரும், அதக் கணக்கு வச்சு அடிங்க. அங்கத்தய பெற்றோல்ல எதனோல் கலந்திரிக்கிறது கனக்க, எதனோல் ஈரத்த இழுக்கும், அதனால ஸ்டெபிலைசர ஊத்தி டேங்க நிரப்பி, ஒரு பத்து நிமிசம் ஓடினாத்தான் அது இஞ்செக்டர் வரைக்கும் போகும். ஊத்தின இடத்திலயே நிப்பாட்டிராதீங்க. சைலன்சர் வாயில எலிக்காக இரும்புப் பஞ்சு அடைச்சா ஸ்டியரிங்ல சிவப்புத் துணி ஒண்டு கட்டி விடுங்க, ஸ்டார்ட் பண்ண முதல் எடுக்க ஞாபகம் வரும். ஸ்னோ தள்ள வாறதுக்காகக் கார எடுக்கச் சொல்ற பார்க்கிங்கா எண்டும் கேட்டுக்கொள்ளுங்க, அப்படியெண்டா சாவி ஆரிட்டயும் இரிக்கணும். இன்சூரன்ஸ முழுசா வெட்டாதீங்க, ரோட்டில ஓடுற பகுதிய மட்டும் நிப்பாட்டி களவு, நெருப்புப் பகுதிய வச்சிரிக்க வழி இரிக்கு, ஏஜன்ட்டோட கதைச்சு எழுத்தில எடுங்க.

கேள்வி: டொயோட்டா அக்வா ஹைபிரிட் வச்சிரிக்கன். மகன்ட வீட்டுக்கு கட்டார் போய் நாலு மாசம் நிக்கப்போறன். பெரிய பெட்டரி செத்துப்போகும் எண்டு ஆக்கள் பயம் காட்டுறாங்க.
– அக்கரைப்பற்று வாசகர்

நானா, பெரிய பெட்டரி அவ்வளவு லேசில சாகாது, ஆனா அதுவும் நிக்க நிக்க இறங்கும்தான். சில மாசத்துக்கு ஒருக்காவது ஒரு அரை மணித்தியாலம், இல்லாட்டி 16 கிலோமீட்டர் ஓடச்சொல்லித்தான் டொயோட்டா கைநூல்லயே இரிக்கு. நாலு மாசமெண்டா நடுவுல ரெண்டு தரம் ஆராவது ஓடினா நிம்மதி. ஓடாம நிண்ட இடத்திலயே சார்ஜ் ஏத்துறதெண்டா டாஷ்போட்ல ரெடி (READY) லைட் எரியணும், கியர் பி-யில இரிக்கணும். என்-ல போட்டா சார்ஜே ஏறாது.

முதல்ல படுக்கிறது பின்சீட்டுக்குக் கீழ இரிக்கிற சின்ன 12 வோல்ட் பெட்டரிதான். அதக் கழட்டுறதெண்டா ஒரு வேலை செய்யுங்க, ரிமோட்டுக்குள்ள இரிக்கிற இரும்புச் சாவிய எடுத்து ட்ரைவர் கதவ ஒருக்கா திறந்து பாருங்க. வருசக்கணக்கா பாவிக்காத பூட்டு இறுகியிரிந்தா, பெட்டரியக் கழட்டின பிறகு காருக்குள்ள போகவே ஏலாமப் போயிரும். பெட்டரியக் கழட்டாம விடுறதெண்டா ஸ்மார்ட் கீய காருக்குப் பக்கத்துச் சுவர்ல கொழுவாதீங்க, ரெண்டும் கதைச்சுக் கதைச்சு பெட்டரிய இறக்கும். மாத்த வேண்டி வந்தா அந்தக் காருக்குரிய ஏ.ஜி.எம். (அசிட் வழியாத, மூடின வகை) பெட்டரியையே போடுங்க, அது ஆக்கள் இரிக்கிற இடத்துக்குள்ள இரிக்கிற பெட்டரி, காஸ் வெளிய போற குழாய் இல்லாத சாதாரணத்தப் போட்டா ஆபத்து. பின்சீட்டுக்குப் பக்கத்தில இரிக்கிற காத்து ஓட்டையத் தூசி எடுத்து விட்டிட்டுப் போங்க, பெரிய பெட்டரி மூச்சு விடுறது அதாலதான்.

கேள்வி: நாங்க வவுணதீவுப் பக்கம். அப்பாட வான் நிக்குது, அவர் கொழும்பில சிகிச்சையில. உன்னிச்சைக் குளத்து வான்கதவத் திறந்தா எங்கட வளவுக்குள்ள தண்ணி வரும். வானுக்குள்ள தண்ணி போயிட்டா என்ன செய்யிறது?

தங்கச்சி, முதல்ல அப்பா சுகமாகி வரணும். 2011 தை மாச வெள்ளத்தப் பார்த்த படுவான்கரை ஆக்களுக்கு நான் தண்ணியப் பத்திப் படிப்பிக்கத் தேவையில்ல, ஆனா வான இப்பவே, மழை இறுக முதலே மேட்டு நிலத்தில இரிக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிருங்க. கதவு திறந்த அறிவித்தல் வந்த பிறகு ரோட்டில தண்ணி ஏறியிரிக்கும், அந்த நேரம் வானக் காப்பாத்த ஆரும் தண்ணிக்குள்ள இறங்க வேணாம், அப்பாட்டயும் இதச் சொல்லி வையுங்க.

தண்ணி போயிட்டா ஒரேயொரு விஷயம், சாவியத் திருப்பாதீங்க. ஓடுதா எண்டு பார்க்கிறன் எண்டு ஒருக்காக்கூட. சிலிண்டருக்குள்ள தண்ணி இரிந்தா அது நசுங்காது, கனெக்டிங் ராட் வளைஞ்சு எஞ்சின் போயிரும். திருப்பாம விட்டா அநேகமா ஒயில் மாத்தி, காயவச்சு, மீட்டெடுக்கலாம். வயர் வழியா சோட் ஆகாம இரிக்க பெட்டரி நெகட்டிவக் கழட்டுங்க. தண்ணி எந்த மட்டத்துக்கு வந்ததெண்டு தெரியிற மாதிரி, கழுவ முதலே போன்ல படம் எடுங்க, இன்சூரன்ஸ்காரர் கேப்பாங்க. பொலிசியில வெள்ளம், புயல் சேர்ந்திரிக்கா எண்டு இண்டைக்கே எடுத்துப் பாருங்க, சேராட்டி சேர்க்க இப்பதான் நேரம். மறுகா ஒயில் கம்பிய இழுத்துப் பாருங்க, பால் தேத்தண்ணி நிறத்தில இரிந்தா உள்ள தண்ணி கலந்திட்டு. வான கயிறு கட்டி இழுக்காம ஏத்திக்கொண்டு கராஜுக்குப் போங்க. ஹைபிரிட் வச்சிரிக்கிற அயலவருக்கும் சொல்லுங்க, நனைஞ்ச காருக்குள்ள தோடம்பழ நிறத்தில இரிக்கிற வயர்கள்ல கை வைக்கவே கூடாது, அது தெரிஞ்ச ஆள்ட வேலை.

கேள்வி: மாசக்கணக்கா நிண்ட கார முதல் நாள் எப்படி எடுக்கிறது? வரிப்பத்திரமும் முடிஞ்சிரிக்கு.
– கல்முனை வாசகர்

வரிப்பத்திரம் முடிஞ்ச காரோட ரோட்டுக்கு ஏறாதீங்க, முதல்ல இன்சூரன்ஸ், எமிஷன் டெஸ்ட் எல்லாத்தையும் பிரதேச செயலகத்தில விசாரிச்சு ஒழுங்காக்குங்க. இனிப் போறவங்க போக முதலே திகதியப் பார்த்து, நடுவுல முடியிறதெண்டா புதுப்பிச்சிட்டுப் போனா இந்த அலைச்சல் இல்ல.

காரெண்டா பொனட்டத் திறந்து எலிக்கூடு, வயர், பெல்ட், காத்து ஃபில்டர் பாருங்க. கீழ குனிஞ்சு ஒயிலோ பிரேக் ஒயிலோ சொட்டியிரிக்கா பாருங்க. டயருக்குக் காத்து. பெட்டரியப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினா அக்சிலேட்டர மிதிக்காம ஒரு நிமிசம் விடுங்க, ஒயில் மேல ஏறட்டும். கேட்டால வெளிய போக முதல் வளவுக்குள்ளயே முன்னுக்குப் பின்னுக்கு எடுத்து பிரேக்க நாலைஞ்சு தரம் அமத்திப் பாருங்க, டிஸ்க்ல பிடிச்ச கறளால முதல்ல கரகரக்கும், அது கொஞ்சத்தில போயிரும். கால் ஆழமாப் போனாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ கராஜ்காரர வீட்டுக்குக் கூப்பிடுங்க, நீங்க ஓடிக்கொண்டு போகாதீங்க. டயர் ஒரு பக்கம் தட்டையாகி ஸ்டியரிங் அதிர்ந்தா பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் மெதுவா ஓடப் போயிரும், போகாட்டி டயர்க் கடையில காட்டுங்க.