ஓடாத பிசாசு

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் பழைய இத்தாலிய வண்டியைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எனக்கு வயது 43. கோவையில் சின்னதாக ஒரு பம்பு கம்பெனி நடத்துகிறேன். காலேஜ் நாட்களில் அண்ணனுடைய ஆர்எக்ஸ் 100, இப்போது ஏழு வருஷமாக கிளாசிக் 350. பெங்களூரில் ஒரு டுகாட்டி டியாவெல், இத்தாலிய பைக், விலைக்கு வந்திருக்கிறது. 2015 மாடல், கேஏ பதிவு, இரண்டாவது ஓனர். மொத்தமே 7,200 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஓனர் எட்டரை லட்சம் சொல்கிறார், எட்டுக்கு இறங்குவார் போலிருக்கிறது. "பெரிய சர்வீஸ் 30,000-ல்தான், உங்களுக்கு இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார். வண்டி நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறக்கியது மாதிரி மின்னுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வால்பாறை, ஊட்டி. மற்ற நாளில் அவிநாசி ரோட்டில் புது மேம்பாலம் வரை. மனைவியிடம் சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை. வாங்கலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வண்டிக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கும் வரிதான் என்னை உறுத்துகிறது. பத்து வருஷத்தில் 7,200 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மாதம் அறுபது. அந்த வண்டி ஓடவில்லை, நின்றிருக்கிறது. ஸ்பிளெண்டர் வாங்கும்போது "கம்மி கிலோமீட்டர்" என்பது நல்ல சேதி. இந்த வண்டிக்கு அது பாதி சேதிதான்.

பெரிய சர்வீஸ் 30,000-ல் என்று அவர் சொன்னது பொய்யில்லை. 2014-ல் இரட்டை ஸ்பார்க் பிளக்கோடு வந்த டியாவெலில், எஞ்சினுக்குள் காற்றையும் புகையையும் விடும் வால்வுகளின் இடைவெளி பார்க்கும் கணக்கு 30,000 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் ரப்பர் டைமிங் பெல்ட் இரண்டுக்கும் இன்னொரு கணக்கு உண்டு: ஐந்து வருஷம். எது முன்னால் வருகிறதோ அது. ரப்பருக்கு ஓடோமீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். பம்புக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; ஸ்டாக்கில் பத்து வருஷம் கிடந்த ஆயில் சீலை நீங்கள் புது மோட்டாரில் போடுவீர்களா? 2015 வண்டி என்றால் 2020-ல் ஒருமுறை, 2025-ல் ஒருமுறை, ஆக இரண்டு தடவை பெல்ட் மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

பெல்ட் அறுந்தால் வழியில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான் என்று நினைத்துவிட வேண்டாம். கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் வந்து முட்டும். அதற்குப் பிறகு நீங்கள் வாங்கியது எட்டு லட்ச ரூபாய் எடைக்கல்.

இந்த எஞ்சினில் வால்வை மூடுவதும் விசேஷம். மற்ற வண்டிகளில் கேம் திறக்கும், ஸ்பிரிங் மூடும். இதில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர், அதாவது நெம்புகோல், உண்டு. டுகாட்டிக்காரர்கள் டெஸ்மோ என்பது அதைத்தான். ஃபாபியோ டாலியோனி என்ற டுகாட்டி எஞ்சினியர் 1956-ல் 125 சிசி பந்தய வண்டியில் இதைப் பொருத்தினார். அந்தக் காலத்து ஸ்பிரிங்குகள் அதிக வேகத்தில் கேமுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறின, ஆகவே ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டார். அழகான தீர்வு. அதற்கான கூலியை நாம் கொடுக்கிறோம்: எட்டு வால்வுக்கும் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று பதினாறு இடைவெளிகள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் அதைச் சரிசெய்யும் ஷிம் என்ற சின்ன வில்லையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பொறுமையான மெக்கானிக்குக்கே இரண்டு நாள் வேலை. பெல்ட்டைக் கழற்றும்போதே இதையும் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நான் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். ஒன்பது வருஷத்து வண்டி, 11,000 கிலோமீட்டர். விற்றவர் ஃபைல் ஒன்றை நீட்டினார். நான் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஃபைலைத் திறக்கவே இல்லை. ஒரு வருஷம் ஓட்டினேன். ஏற்காடு கூடப் போய் வந்தேன். பிறகு வேறு ஏதோ வேலைக்காகக் கவரைக் கழற்றிய மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, பெல்ட்டை விரலால் மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் இடையே முடி முடியாக வெடிப்பு. "சார், நீங்க சாமி கும்பிடுற ஆளா?" என்று மட்டும் கேட்டார். தப்பு முழுக்க என்னுடையது. பெல்ட் வந்து சேர ஒன்பது வாரம். அதுவரை ஸ்கூட்டி.

நின்ற வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3214 என்றால் 2014-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. அந்த மாதிரி எண் இருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்க்காதீர்கள். பின் டயர் 240/45, 17 இஞ்ச். பைரெல்லி இந்த வண்டிக்கென்றே உருவாக்கிய அளவு. தெருமுனைக் கடையில் கிடைக்காது, விலையும் வாய்விட்டுச் சொல்லும்படி இருக்காது.

சாவி இரண்டு இருக்க வேண்டும். பையில் வைத்துக்கொண்டாலே வேலை செய்யும் எலக்ட்ரானிக் சாவி ஒன்று, சாதாரணமாக வைத்துக்கொள்ளும் மாற்றுச் சாவி ஒன்று. சாவி கைவிட்டால் ஸ்டார்ட் செய்ய ரகசிய எண் (PIN) ஒன்றும் உண்டு, முதல் ஓனர் அதைப் பதிந்து வைத்திருந்தால். இரண்டாவது ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

டேங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும் பாகங்கள் அலங்காரத்துக்கு அல்ல, ரேடியேட்டர் அதற்குள்தான் இருக்கிறது. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்திருந்தாலும் முதலில் அடிபடுவது அங்கேதான். டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள். புது பெயின்ட் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வண்டியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். டியாவெல் என்றால் பொலோஞா வட்டார வழக்கில் பிசாசு. 162 குதிரை சக்தி, ஆனால் சீட் உயரம் 770 மில்லிமீட்டர்தான், நம் ஊர் ஆட்களுக்கு இரண்டு காலும் தரையில் பதியும். டுகாட்டியின் 1198 சூப்பர்பைக் எஞ்சின்தான் இதன் மூதாதை. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தை 41 டிகிரியிலிருந்து 11 டிகிரிக்குக் குறைத்தார்கள். அதனால் குறைந்த வேகத்தில் முன்னவனைப் போல உதறாது. ஊருக்குள் ஓட்டுவதற்கான அர்பன் மோடில் 100 குதிரையோடு நிறுத்திக்கொள்ளும். ஊட்டி மலையில் மூன்றாவது கியரில் விட்டுவிட்டு ஏறலாம். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்து 230 கிலோவைத் தாண்டினாலும், ஓடத் தொடங்கிவிட்டால் அந்த எடை எங்கே போனதென்று தெரியாது.

ஆனால் கோவையில் நீங்கள் தினமும் ஓட்டப்போவது மேம்பாலத்தில் மட்டுமா? கீழே இறங்க வேண்டுமே. பெங்களூர் போகும்போது காலை ஏழு மணிக்குப் போய்க் குளிர்ந்த காற்றில் ஓட்டிப் பார்த்து மயங்கி வராதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு பக்கம் எடுத்துப்போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். பின் சிலிண்டர் தொடைக்கு அடியில் இருக்கிறது, விசிறி ஓடத் தொடங்கியதும் அந்தச் சூடு புரியும். இன்னொன்று, நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று ஓனரிடம் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் கவரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார்.

பெட்ரோல்: இந்த எஞ்சினுக்கு 95 ஆக்டேன் வேண்டும். இப்போது வரும் இருபது சதவீத எத்தனாலும் 2015 வண்டியை மனதில் வைத்துக் கலந்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நின்றே கிடக்கும் வண்டிக்கு அது இரட்டைக் கேடு. வாங்கினால் ஓட்டுங்கள், மூடிவைக்காதீர்கள்.

காகிதம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பெங்களூர் ஆர்டிஓ என்ஓசி, 29, 30 படிவங்கள், லோன் அடைத்த சான்று, நிலுவைச் சலான். இங்கே வண்டியின் வயதைப் பார்த்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும், அதை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2030-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, அப்போது எஃப்சி. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022-ல் வந்த கட்டணப்படி 2,804 ரூபாய்தான், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வண்டி கீழே விழுந்தால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் வரும்.

ஆக என் கணக்கு இது. பெல்ட், வால்வு, இரண்டு டயர், பேட்டரி, எல்லா ஆயில்கள். கொச்சியிலும் பெங்களூரிலும் உள்ள டுகாட்டி ஷோரூம்களுக்குப் போன் செய்து இவற்றுக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை எட்டு லட்சத்திலிருந்து கழித்துச் சொல்லுங்கள். ஓனர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு பஸ் ஏறுங்கள். இதே வண்டி 22,000 கிலோமீட்டர் ஓடி, வருஷத்துக்கு ஒரு பில் இருந்தால், அரை லட்சம் அதிகம் கொடுத்துக்கூட அதை எடுக்கச் சொல்வேன். புதிய டியாவெல் வி4-ல் டுகாட்டியே பெல்ட்டையும் டெஸ்மோவையும் கைவிட்டு ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிட்டது, வால்வு பார்ப்பது 60,000 கிலோமீட்டரில். ஆனால் அது 2023-ல் இங்கே வந்தபோதே 25.91 லட்சம், ஷோரூம் விலை. உங்கள் பேச்சு எட்டில் இருக்கிறது, அதனால் அதை விடுவோம்.

உங்கள் ஊர் ஜி.டி.நாயுடுவும் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியில்தான் ஆரம்பித்தார். வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, கோவையில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை, அக்கக்காகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். இப்போது நீங்கள் அவர் பெயர் வைத்த பாலத்தில்தான் போகிறீர்கள். கழற்றிப் பார்க்கும் கை உங்களுக்கும் இருக்கிறது, அதனால்தான் முழுசாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று ராத்திரியே ஓனருக்கு இரண்டு படம் அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் போடுங்கள்: பெல்ட் மாற்றிய பில், பின் டயரின் நான்கு இலக்கம். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். பில் இல்லை, டயர் எண் மட்டும்தான் வந்தது என்றாலும் அனுப்புங்கள்.