சம்பளக் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள், இயந்திரம் போன்றவற்றுக்குக் கையேடும் விளக்க ஆவணமும் எழுதும் தொழில்நுட்ப எழுத்துப் பணியின் (டெக்னிக்கல் ரைட்டிங்) ஊதியம், சலுகைகள் தொடர்பாக தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பெங்களூருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கடிதம் வந்துள்ளது. அப்படியென்றால் மாதம் 50,000 ரூபாய் வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்கிறார்கள். கணக்கு சரிதானா? சம்பளப் பிரிவுப் பட்டியலின் நகலை இணைத்துள்ளேன்.
– வாசகி ஒருவர், பாலக்கோடு

பதில்: வாழ்த்துகள். கணக்கு சரியில்லை. 6 லட்சம் என்பது நிறுவனம் உங்களுக்காக ஓராண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு, சி.டி.சி. என்று கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது அதைத்தான். மாதாமாதம் கைக்கு வரும் பணம், பல ஆண்டுகள் கழித்து வரும் பணம், வராமலே போய்விடக்கூடிய பணம் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடக்கம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய். அதில் 12 சதவீதமாகிய 3,000 ரூபாயை நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) செலுத்துகிறது, ஆண்டுக்கு 36,000. வேலையை விட்டு விலகும்போது தரப்படும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 14,423, குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000, செயல்திறன் ஊக்கத்தொகைக்கு 60,000 என்று காட்டியிருக்கிறார்கள். இவை நான்கையும் கழித்தால் ஆண்டுக்கு 4,77,577 ரூபாய், அதாவது மாதம் 39,798 ரூபாய் மிஞ்சுகிறது. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000 ரூபாயும் கர்நாடகத்தின் தொழில் வரி 200 ரூபாயும் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 36,600. புதிய வரிமுறையில், நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பிடித்தம் உங்களுக்கு இருக்காது. வீட்டு வாடகையை இந்த 36,600 ரூபாயை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெங்களூருவில் முன்பணமாகப் பல மாத வாடகையைக் கேட்பார்கள் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

மொத்தத் தொகையைப் பற்றிப் பேரம் பேசுகிற பலர் அடிப்படைச் சம்பளத்தைக் கவனிப்பதில்லை. பி.எஃப்., பணிக்கொடை இரண்டுமே அதைச் சார்ந்துதான் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தில் 26-இல் 15 பங்கு என்பது பணிக்கொடைக்கான சூத்திரம். இதன்படி 25,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டில் 72,115 ரூபாய் கிடைக்கும். அதே 6 லட்சத்துக்குள் அடிப்படைச் சம்பளத்தை 15,000 ஆகக் குறைத்து, மீதியை வீட்டு வாடகைப்படி போன்ற படிகளால் நிரப்பியிருந்தால் 43,269 ரூபாய்தான். இந்தச் சாமர்த்தியத்துக்குக் கடிவாளம் போடத்தான், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்கின்றன. உங்கள் பட்டியலில் அடிப்படைச் சம்பளமே பாதி இருப்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நிரந்தரப் பணியாளராகச் சேர்ந்து ஐந்து ஆண்டு முடிவதற்குள் விலகினால், பட்டியலில் ஆண்டுதோறும் காட்டப்பட்ட அந்த 14,423 ரூபாய் உங்களுக்குக் கிடைக்காது. குறித்த காலப் பணி ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு ஓராண்டு நிறைந்தாலே பணிக்கொடை உண்டு என்பது புதிய சட்டத்தில் வந்திருக்கும் மாற்றம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் இரண்டு விஷயங்களை மின்னஞ்சலிலேயே கேளுங்கள். ஊக்கத்தொகை 60,000 எந்த அளவுகோலின்படி வழங்கப்படுகிறது, காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பவை அவை. வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்கு, இரண்டாவது கேள்விக்கான பதில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இதே வேலைக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் தருகிறார்களாமே? அதை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் நமக்குத் தரப்படுவது அநியாயமாகத் தெரிகிறதே?
– வாசகர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: 2023 மே மாத நிலவரப்படி தொழில்நுட்ப எழுத்தாளர்களின் ஆண்டு இடைநிலை ஊதியம் 80,050 டாலர் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டது. பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள் என்பது அதன் பொருள். அதை ரூபாயில் மாற்றுவதால் பயனில்லை. அதே காலத்தில் அங்கே எல்லாத் தொழில்களுக்குமான இடைநிலை ஊதியம் 48,060 டாலர். அதாவது இந்தப் பணிக்கு அங்கே பொது ஊதியத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகத் தருகிறார்கள். உங்கள் நிறுவனத்தில் அதே அனுபவமுள்ள சோதனைப் பொறியாளரின் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிடுங்கள். பேச்சுவார்த்தையில் எடுபடுவது அந்த ஒப்பீடுதான்.

கேள்வி: ஓசூரில் பொதி கட்டும் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பயன்பாட்டுக் கையேடு, பராமரிப்புக் கையேடு எழுதும் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ஆறு ஆண்டு அனுபவம். மாதம் 28,000 ரூபாய். எங்கள் இயந்திரங்களில் பாதி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகின்றன. என்னோடு படித்தவர் பெங்களூருவில் மென்பொருளுக்கு எழுதி என்னைப் போல் இரு மடங்கு வாங்குகிறார். நானும் மாறிவிடலாமா?
– வாசகர் ஒருவர், ஓசூர்

பதில்: மாறலாம்; ஆனால் மாறுவதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் சரக்கின் மதிப்பு என்ன என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனத்தில் ஏ.பி.ஐ. ஆவணத்தை, அதாவது ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருளோடு இணைக்கும் வழியைச் சொல்லும் ஆவணத்தை, படித்துத்தான் வாடிக்கையாளரின் பொறியாளர் அந்த மென்பொருளை வாங்கலாமா என்றே முடிவு செய்கிறார். ஆகவே அங்கே எழுதுபவரின் சம்பளம் விற்பனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையிலோ கையேடு என்பது இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து ஆணியடிக்கும் நேரத்தில் தேடப்படும் பொருள். சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த மனப்போக்கிலிருந்து வருகிறதே தவிர, வேலையின் கடினத்திலிருந்து வரவில்லை என்பது என் கருத்து.

ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கு அந்த மனப்போக்கு கட்டுப்படியாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 என்ற இயந்திர நெறிமுறையின்படி, இயந்திரம் விற்கப்படும் நாட்டின் அலுவல் மொழியில் கையேடு இல்லாமல் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. 2027 ஜனவரி 20 முதல் அதன் இடத்தில் 2023/1230 என்ற புதிய ஒழுங்குமுறை வருகிறது. அதன்படி கையேட்டை மின்வடிவில் தரலாம். ஆனால் வாங்கும்போது கேட்பவருக்கு ஒரு மாதத்துக்குள் இலவசமாக அச்சுப் பிரதி தர வேண்டும். இயந்திரத்தின் ஆயுட்காலம் முழுவதும், குறைந்தது 10 ஆண்டுகளுக்காவது, அது இணையத்தில் கிடைக்கவும் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இந்த மாற்றத்துக்கான வேலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஆள் இருக்கமாட்டார். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்து, அதற்கான ஊதியத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

உங்கள் அனுபவத்தின் மதிப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிக்குள் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். "மூடியைத் திறக்கவும்" என்ற படிக்கு அடுத்த வரியில் "திறப்பதற்கு முன் 5 நிமிடம் காத்திருக்கவும்" என்று எழுதப்பட்ட கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும் என்பது, பெட்டியைத் திறந்து பார்த்த உங்களைப் போன்றவருக்குச் சொல்லாமலே தெரியும். இந்த அறிவோடு, ஆவணங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதும் டிட்டா கட்டமைப்பையும், கையேடு தயாரிக்கும் மென்பொருள்களான மேட்கேப் ஃபிளேர், ஆக்சிஜன் போன்றவற்றில் ஒன்றையும் கற்றுக்கொண்டால், மருத்துவக் கருவி, மின்வாகனம், விமானப் பராமரிப்பு ஆகிய துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மென்பொருளுக்கே போவதென்றால் மார்க்டவுன் (எளிய எழுத்து வடிவமைப்பு முறை), கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), ஓப்பன் ஏ.பி.ஐ. (ஏ.பி.ஐ.யை விவரிக்கும் பொது வடிவம்) ஆகியவற்றை ஓரளவு பழகிய பிறகு போங்கள். இல்லையென்றால் ஆறு ஆண்டு அனுபவத்தை ஒதுக்கிவிட்டுப் புதியவராகவே உங்களை எடுப்பார்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்சி மூலமாக ஒரு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். எனக்குப் பேறுகால விடுப்பு உண்டா?
– வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: உண்டு. நேரடியாக வேலை செய்கிறீர்களா, ஏஜென்சி மூலமாகவா என்று சட்டம் பார்ப்பதில்லை. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு பெறலாம். உங்கள் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் பணத்தைத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் (இ.எஸ்.ஐ.) தரும். இல்லையென்றால் வேலை கொடுப்பவரே தர வேண்டும். பணி நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே தனியாக எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். மணிக்கு எவ்வளவு கேட்கலாம்?
– வாசகர் ஒருவர், அரூர்

பதில்: இப்போது வாங்கும் மாதச் சம்பளத்தை வேலை மணிகளால் வகுத்து விலை சொல்பவர்கள் ஓராண்டுக்குள் மறுபடியும் வேலை தேடப் போகிறார்கள். வேலை பிடிப்பது, ரசீது அனுப்புவது, பணத்துக்காக நினைவூட்டுவது, நோய், பண்டிகை எல்லாம் போக, ஆண்டில் கூலி கிடைக்கும் மணி நேரம் 1,100 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆண்டுக்கு 6 லட்சம் வேண்டுமென்றால் மணிக்கு 545 ரூபாய். வைப்பு நிதியும் காப்பீடும் இனி உங்கள் பொறுப்பு என்பதால் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 650 என்று சொல்லுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, வாடிக்கையாளர் பணம் தரும்போதே வரியாகப் பிடிக்கும் டி.டி.எஸ். தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். சொற்களுக்கு இவ்வளவு என்று விலை பேச மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாற்பது பக்கக் கையேட்டைப் பன்னிரண்டு பக்கமாகச் சுருக்கித் தருபவருக்கு அந்த முறையில் கூலி குறைந்துவிடும்.