தனிநபர் வருமானம் 1.7 மடங்கு என்றால், வாழ்க்கை வசதியும் 1.7 மடங்கா?

கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டுரை தயாரித்துவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2024-25ஆம் ஆண்டில், நிலையான விலையில் (அதாவது, விலையேற்றத்தின் விளைவை நீக்கிய கணக்கில்), தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 1,96,309 ரூபாய், அகில இந்திய அளவில் 1,14,710 ரூபாய். ஆகவே தமிழ்நாட்டில் வசிப்பவர் சராசரி இந்தியரைவிட 1.7 மடங்கு வசதியாக வாழ்கிறார் என்று எழுதலாமா? கூடாதென்றால் எதை வைத்து ஒப்பிடுவது?"

எழுதக் கூடாது. எண்கள் சரி, வகுத்ததும் சரி; 'வசிப்பவர்' என்ற சொல்தான் அந்த எண்ணுக்குப் பொருந்தவில்லை. மாநிலத்தின் தனிநபர் வருமானம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது, நிகர மாநில உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பது. மாநில எல்லைக்குள் என்ன விளைந்தது, என்ன தயாரானது, என்ன சேவை நடந்தது என்பதையே அது கணக்கிடுகிறது. இங்குள்ள தொழிற்சாலையின் இலாபம் வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் பங்குதாரருக்குச் சென்றாலும், இங்கு உழைப்பவர் தம் கூலியில் ஒரு பகுதியைப் பீகாரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பினாலும், அந்தத் தொகை தமிழ்நாட்டின் கணக்கிலேயே நிற்கும். போதாததற்கு, அகில இந்திய எண் நிகர தேசிய வருமானத்திலிருந்து வருவது. அதில் வெளிநாட்டுக்குச் செல்லும், அங்கிருந்து வரும் சில வகை வருமானங்கள் சரிக்கட்டப்பட்டிருக்கும். மாநில எண்ணில் அந்தச் சரிக்கட்டல் கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே அளவை ஆகிவிடுவதில்லை.

கேரளத்தைப் பார்த்தால் இது விளங்கும். உற்பத்திக் கணக்கில் கேரளத்தின் தனிநபர் அளவு தமிழ்நாட்டைவிடக் குறைவு. ஆனால் 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவின ஆய்வின்படி, கேரளக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 5,924 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 5,310 ரூபாய். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் கேரளத்தின் உற்பத்தியில் சேராது. கேரள வீடுகளின் செலவில் சேரும்.

எனவே, வசிப்பவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், வீடுவீடாகச் சென்று கேட்டு எடுத்த கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. அதே ஆய்வின் 2023-24ஆம் ஆண்டுச் சுற்று இந்தியா முழுவதும் சுமார் 2.6 இலட்சம் குடும்பங்களிடம் நடத்தப்பட்டது. அதன்படி, ஒருவருக்கான மாதச் செலவு தமிழ்நாட்டுக் கிராமங்களில் 5,701 ரூபாய், அகில இந்தியக் கிராமங்களில் 4,122 ரூபாய்; நகரங்களில் முறையே 8,165 ரூபாய், 6,996 ரூபாய். ஆக, 71 சதவீதமாகத் தோன்றிய இடைவெளி, கிராமங்களில் 38 சதவீதமாகவும் நகரங்களில் 17 சதவீதமாகவும் சுருங்கிவிடுகிறது. (அரசுத் திட்டங்களில் இலவசமாகப் பெற்ற பொருள்களின் மதிப்பைச் சேர்க்காத எண்கள் இவை. அதைச் சேர்த்த கணக்கும் வெளியாகியிருக்கிறது. மாநிலத்துக்கு ஒன்றும் நாட்டுக்கு மற்றொன்றுமாக எடுத்துவிடக் கூடாது.)

கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல விரும்புவீர்கள்; எல்லோருக்கும் அந்த ஆசை வரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதத்தினரும், இந்தியாவில் சுமார் 31 சதவீதத்தினரும் நகர்ப்புறத்தினர். எந்த மாநிலத்திலும் நகரச் செலவு கிராமச் செலவைவிட அதிகம் என்பதால், நகரவாசிகள் மிகுந்த மாநிலத்தின் மொத்தச் சராசரி, கிராமத்தவரும் நகரத்தவரும் தனித்தனியே எப்படி வாழ்ந்தாலும், தானாகவே மேலே நிற்கும். அந்தந்தப் பகுதியின் மக்கள்தொகை விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் தமிழ்நாட்டுக்குச் சுமார் 6,894 ரூபாயும் இந்தியாவுக்குச் சுமார் 5,018 ரூபாயும் கிடைக்கும். இடைவெளி 37 சதவீதம். தமிழ்நாட்டின் இரண்டு எண்களுக்கும் இந்தியாவின் கிராம-நகர விகிதத்தையே கொடுத்தால் 6,469 ரூபாய்தான் வரும். இடைவெளி 29 சதவீதம். நடுவே இருக்கும் எட்டுப் புள்ளிகள் தமிழ்நாட்டில் நகரவாசிகள் அதிகம் என்பதைச் சொல்கின்றனவே தவிர, அதே சூழலில் வாழும் இந்தியரைவிடத் தமிழ்நாட்டவர் வசதியானவர் என்பதைச் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையில் நான் 29ஐத்தான் எழுதுவேன். எப்படிக் கணக்கிட்டேன் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பேன்.

விலைவாசி வேறுபாட்டையும் பார்க்க வேண்டும் என்றதும், மாநில வாரியான நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பலர் கையில் எடுக்கிறார்கள். அது இதற்கு உதவாது. அடிப்படை ஆண்டில் எல்லா மாநிலங்களுக்கும் குறியீடு 100 என்றே தொடங்குவதால், எங்கே விலை வேகமாக ஏறியது என்பதைத்தான் அது காட்டும். எங்கே விலை அதிகம் என்பதைக் காட்டாது. பழையதானாலும், 2011-12ஆம் ஆண்டுக்கான வறுமைக் கோடுகள் (டெண்டுல்கர் குழு வகுத்த முறையில், ஒருவருக்கு மாதம் தேவைப்படும் குறைந்தபட்சச் செலவு) மாநிலங்களுக்கிடையேயான விலை வேறுபாட்டை உள்வாங்கியவை. கிராமப்புறக் கோடு தமிழ்நாட்டில் 880 ரூபாய், இந்தியாவில் 816 ரூபாய். நகர்ப்புறக் கோடு முறையே 937, 1,000. இவற்றால் மேற்கண்ட செலவைச் சரிசெய்தால் கிராம இடைவெளி 28 சதவீதமாகக் குறைகிறது. நகர இடைவெளியோ 25 சதவீதமாக உயர்கிறது. விலைத் தகவல் பத்தாண்டுக்கு மேல் பழையது என்பதால் இதை அடிக்குறிப்பாக வைத்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம்: 'இந்தியா' என்ற சராசரிக்குள் தமிழ்நாடும் அடக்கம். 2011இல் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 6 சதவீதமே ஆகையால் விளைவு சிறியது. 16.5 சதவீதப் பங்கு கொண்ட உத்தரப் பிரதேசத்தை ஒப்பிடுபவர் அப்படி விட்டுவிட முடியாது. தேசியச் சராசரியோடு காணும் வேறுபாடு, அம்மாநிலம் நீங்கலான இந்தியாவோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 1.2 மடங்காகும்.

செலவைத் தாண்டி உடல்நலத்துக்குச் செல்வதாக இருந்தால், 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு நல்ல தொடக்கம். ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் தமிழ்நாட்டில் 18.6, இந்தியாவில் 35.2. இவ்வளவு பெரிய வேறுபாடு எந்த வருமானக் கணக்கிலும் இல்லை. ஆனால் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இரத்தசோகை உடையவர்கள் இங்கே 53.4 சதவீதம், நாட்டில் 57.0 சதவீதம், ஏறக்குறைய ஒன்றே. அறுவைசிகிச்சைப் பிரசவங்கள் இங்கே 44.9 சதவீதம், நாட்டில் 21.5 சதவீதம், இதில் கூடுதலாக இருப்பது பெருமைக்குரியது என்று எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்லமாட்டார். எனவே பட்டியலில் ஒவ்வோர் அளவைக்கும் எதிரே, கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதுக் கட்டமைப்பும் ஏமாற்றும். தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து பதியும் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆயிரம் பேருக்கான இறப்பு கேரளத்தில் 7, இந்தியாவில் 6. கேரளத்தில் முதியவர்கள் அதிகம் என்பதே காரணம். ஆயுள் எதிர்பார்ப்பை எடுத்தால் கேரளம் தேசியச் சராசரியைவிடச் சுமார் ஐந்து ஆண்டுகள் முன்னே நிற்கிறது. இறப்பு, நீரிழிவு போன்றவற்றை ஒப்பிடும்போது வயதுவாரியான விகிதங்களையோ ஆயுள் எதிர்பார்ப்பையோ பயன்படுத்துங்கள்.

மாவட்ட அளவுக்கு இறங்குவதாக இருந்தால், நுகர்வுச் செலவின ஆய்வின் இச்சுற்றை விட்டுவிட்டுக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளுக்குச் செல்லுங்கள். முன்னதன் மாதிரி மாநில மதிப்பீட்டுக்காக வகுக்கப்பட்டது, பின்னதன் மாதிரி மாவட்ட மதிப்பீட்டையும் மனத்தில் கொண்டது.