நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குடிபோய், புது ஊர் மேல் காதல் வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. ஊர், திருநெல்வேலி.

நான் பிறந்து வளர்ந்தது டெல்லி ஆர்.கே.புரத்தில். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்றாலும், லீவுக்குப் போய்வரும் ஊர் என்பதற்கு மேல் அது மனதில் ஒட்டவில்லை. கல்யாணமாகிச் சில வருடங்களில் கணவருக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி, கிட்டத்தட்ட நாட்டின் முழு நீளத்தையும் கடந்து நெல்லை ஜங்ஷனில் இறங்கினோம்.

அல்வாவையும் குற்றாலத்தையும் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது தண்ணீர். இந்த ஊர்த் தண்ணீர் எங்கே பிறக்கிறது, எந்தக் கால்வாய் வழியாக யார் வயலுக்குப் போகிறது என்று தெரியத் தெரியத்தான் எனக்கு ஊர் பிடிபட்டது, பிடித்தும் போனது.

டெல்லியில் ஜூன் என்றால் அனல்காற்றும் புழுதியும். இங்கே ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து ஒரு காற்று கிளம்பும். மொட்டைமாடியில் காயப்போட்ட துணி ரெண்டு கிளிப் போட்டாலும் நிற்காது. வானம் மூடியிருக்கும், மழை மட்டும் விழாது. எப்போதாவது லேசாகச் சாரல் தெறிக்கும், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழையைப் பொதிகை மலையே வாங்கிக்கொள்வதால், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் மிச்சமிருக்கிற ஈரமும்தான் நமக்கு வந்து சேர்கிறது. ஆனால் அந்த நாட்களில் தாமிரபரணி ஆற்றுக்குப் போய்ப் பாருங்கள். ஊரில் பொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறியிருக்கும். மலையில் பெய்தது இங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யமுனைக் கரையில் அத்தனை வருடம் இருந்தும் அந்தத் தண்ணீரில் நான் காலை நனைத்ததே கிடையாது.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் மோதுகிற பக்கத்தில் கல்லை ஒரு படகின் முனை மாதிரி கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் பிளந்து இரண்டு பக்கமும் போய்விடும். ஆறு பெருகினால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பழையபடி பூஜை. மண்டபத்தை ஒட்டிய படியில் காலை வைத்து உட்கார்ந்தால் சின்னச் சின்ன மீன்கள் வந்து குதிகாலைக் கொறிக்கும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் துண்டோடு வந்து ஒரு முங்கு போட்டுவிட்டு, அப்படியே பைக்கில் கிளம்புவார்கள். ஒரு மாநகராட்சிக்கு நடுவில் இப்படி ஓர் ஆறு இன்னும் இருக்கிறது! இதே ஆற்றில் நகரத்துச் சாக்கடையும் வந்து கலக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். இவ்வளவு கிடைத்தும் இப்படிச் செய்யலாமா?

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை, ஒரே ஜில்லாவுக்குள் பிறந்து முடிந்த ஆறு. பக்கத்து வீட்டு ஆச்சியின் கணவர், நான் தாத்தா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் அணைக்கட்டுகளின் பெயரை மேலிருந்து கீழாக வரிசையாகச் சொன்னார்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மொத்தம் எட்டு. கடைசியானது மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கும் முந்தியவை. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓடுவதை அதுவரை வாய்க்கால் என்று மட்டும் நினைத்திருந்தேன், அதுதான் பாளையங்கால்வாய். அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால் கார், வடகிழக்கு மழைக்குப் பிசானம் என்று ரெண்டு போகம் நெல். ஆற்றின் வடகரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் சிவகளையில், முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3,200 வயது என்று ஆய்வில் வந்திருக்கிறது. அன்றைக்கும் இதே ஆற்று நெல்தானே!

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்கிறார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், தன் கையிலிருந்த செல்வத்தையெல்லாம் இந்தக் கால்வாய் வெட்டச் செலவழித்தாராம். எந்த வழியாக வெட்டுவது என்று அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போகச் சொன்னாராம். அது நடந்த வழி கால்வாய், படுத்த இடம் குளம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அந்தக் கரையில் நிற்கும்போது, எங்கிருந்தோ வந்து இந்த மண்ணுக்கே கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

ஆற்றோடு கிழக்கே போனால் மருதூர், ஆழ்வார்திருநகரி வரை வாழையும் நெல்லும். அப்புறம் திருச்செந்தூர் வட்டாரத்துக்குள் நுழைந்தால் செக்கச்செவேலென்று தேரிமணல், அதில் பனை. ஒரே நாளில் ரெண்டையும் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் போனால் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். பட்டையை ரெண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பச்சை ஓலை வாசனையும் சேர்ந்து இறங்கும். கூந்தன்குளத்துக்குத் தை மாதம் போங்கள். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் அங்கே இறங்கும், வீட்டுக் கொல்லை மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடுவதில்லை.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சொதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுவது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ஆச்சிதான் சொல்லிக்கொடுத்தார்கள். "தலைப்பால ஊத்துனப்புறம் கொதிக்க விட்டிராத பிள்ளே, நுரை கூடுனதும் இறக்கிரு." எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும்.

எல்லாமே இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வந்த புதிதில் பலர் என்ன ஆளுக என்று ஏதாவது சுற்றுவழியில் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவதும், 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதும் இந்த ஊரில்தான். ஊரை நேசிப்பதாலேயே இது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அதே வருடம் டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. டெல்லியில் சராசரியாக ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஆறு கரை தாண்டி ஜங்ஷனுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களைச் சுற்றியும் வெள்ளமாக இருக்க, பொங்கிப் போட்டார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான்: கரண்ட் இல்லை, போன் இல்லை, ஆச்சி வீட்டு விறகடுப்பில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து உளுந்தஞ்சோறு. டெல்லியிலிருந்து அம்மா, பேசாமல் கிளம்பி இங்கே வந்துவிடு என்றாள். எனக்குப் போகத் தோன்றவே இல்லை. குறுக்குத்துறையில் தண்ணீர் எவ்வளவு வடிந்தது என்று தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்ததும், பாளையங்கால்வாயைப் பழவூர் அணையிலிருந்து கடைசிக் குளம் வரை பிடித்து நடக்க வேண்டும் என்று கணவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மேலப்பாளையம் தாண்டினால் கரையெல்லாம் முள், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொண்டு போங்கள் என்கிறார் தாத்தா. நெல்லைக்காரர்கள் யாராவது அந்த வழி நடந்திருந்தால் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று சொல்லுங்கள்.